ரோந்தோ ஜெயித்தது அதிர்ஷ்டத்தாலா?

1980-ஆம் வருடம், ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸ் நாட்டின் லெ மான் நகரம். (எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு "லீ மான்ஸ்" என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம். அந்த ஊர்க்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு "லெ மான்" என்கிறார்கள்.) முந்தின நாள் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. விட்டிருந்த மழை மறுபடி பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருக்கும் ஜாக்கி இக்ஸ் சட்டென்று பிட்டுக்குள் வந்து மழை டயரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். முதல் இடத்தில் ஓடும் ழான் பியர் ஜோசோ வரவில்லை. வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான டயரிலேயே, ஈரச் சாலையில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்.

பிட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ழான் ரோந்தோ. அந்தக் காரின் இன்னொரு ஓட்டுநர். அதைக் கட்டியவரும் அவர்தான். காரின் மேல் எழுதியிருந்த பெயரும் அவருடையதுதான். சற்று நேரத்தில் கொடி விழுந்தது. ரோந்தோ கார் முதலிடம். தன் பெயரில் தானே கட்டிய காரை ஓட்டி லெ மான் பந்தயத்தை வென்றவர் அதுவரை யாரும் இல்லை. அதற்குப் பிறகும் இன்று வரை யாரும் இல்லை.

இந்த வெற்றியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடும். "அதிர்ஷ்டம்." பெரிய கம்பெனிகள் அந்த வருடம் முழுப் பலத்தோடு வரவில்லை, மழை பெய்தது, போர்ஷே கார் பழுதானது, அதனால் ரோந்தோ ஜெயித்தார் என்பார்கள். சொல்லும் மூன்றுமே உண்மை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. எப்படி என்று பார்க்க, 1980-க்கு நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் இது என்ன பந்தயம் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். லெ மான் 24 மணி நேரப் பந்தயம் 1923-ல் ஆரம்பித்தது. ஃபார்முலா ஒன் போல ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. ஒரே கார், மாறி மாறி ஓட்டும் ஓட்டுநர்கள், ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும். ஒரு சுற்று சுமார் 13.6 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் டிராக்டரும் போகிற பொதுச் சாலை. முல்சான் என்ற நேர்ச்சாலை மட்டும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். 1990-ல் நடுவில் இரண்டு இடங்களில் வளைவு வைக்கும் வரை அந்த ஆறு கிலோமீட்டரும் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியபடியே போவார்கள். எஞ்சின்கள் பாதி அங்கேயே உயிரை விடும்.

இப்படிப்பட்ட பந்தயத்தை யார் ஜெயிப்பார்கள்? அறுபதுகளின் தொடக்கத்தில் ஃபெராரி. பிறகு பணத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிய ஃபோர்டு, 1966-லிருந்து 1969 வரை நான்கு முறை. எழுபதுகளில் போர்ஷே, மாத்ரா, ரெனோ. எல்லாமே தொழிற்சாலைகள், அல்லது அவற்றின் ஆதரவில் வந்த அணிகள். காற்றுச்சுரங்கம், எஞ்சின் சோதனைக்கூடம், நூற்றுக்கணக்கான பொறியாளர்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்று தயாராக இருக்கும்.

ழான் ரோந்தோ 1946-ல் அதே லெ மான் ஊரில் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு வைகுண்ட ஏகாதசி எப்படியோ, அந்த ஊரில் பிறந்த பையனுக்கு ஜூன் மாதப் பந்தயம் அப்படி. வளர்ந்து பந்தய ஓட்டுநர் ஆனார். 1972-ல் முதல் முறையாகத் தன் ஊர்ப் பந்தயத்தில் ஓட்டினார். நல்ல ஓட்டுநர்தான். ஆனால் பெரிய கம்பெனிகள் வீடு தேடி வந்து கூப்பிடும் அளவுக்குப் பெரிய பெயர் இல்லை. கூப்பிட ஆளில்லை என்றால் என்ன செய்வது? சொந்தமாகக் கார் கட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

அதற்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? சுவருக்கு ஒட்டும் காகிதம் தயாரிக்கும் கம்பெனி. இனால்டெரா என்று பெயர். 1976-ல் பந்தய நிர்வாகிகள் கூரை மூடிய கார்களுக்காக ஜி.டி.பி. என்று ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தார்கள். ரோந்தோ அந்தப் பிரிவுக்கென்றே கார் கட்டினார். காருக்கும் இனால்டெரா என்றே பெயர். பெஸ்கரோலோவும் பெல்ட்வாஸும் ஓட்டிய கார் மொத்தத்தில் எட்டாவதாக வந்தது, பிரிவில் முதலிடம். 1977-ல் மூன்று கார்கள். மூன்றும் கடைசி வரை ஓடின. ரோந்தோவும் ரக்னோத்தியும் ஓட்டிய கார் மொத்தத்தில் நான்காம் இடம். சுவர்க்காகிதக் காசில் கட்டிய கார், பெரிய பெரிய கம்பெனிக் கார்கள் புகை கக்கி நின்ற பந்தயத்தில், நான்காவது!

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வருடத்தோடு இனால்டெரா பந்தயத்தை விட்டு விலகிவிட்டது. கார்களும் கைவிட்டுப் போயின. ரோந்தோவிடம் மிஞ்சியது அனுபவமும் சில சகாக்களும் மட்டும்தான். வேறு ஒருவராக இருந்தால் "நம்மால் முடிந்தது இவ்வளவுதான்" என்று பழைய புகைப்படங்களை மாட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரோந்தோ 1978 பந்தயத்துக்குள் புதிதாக ஒரு கார் கட்டினார். இந்த முறை கம்பெனிப் பெயர் இல்லை, தன் பெயர். ரோந்தோ எம்378. டார்னிஷ், ஆரான் இருவரோடும் சேர்ந்து ஓட்டினார். மொத்தத்தில் ஒன்பதாம் இடம், பிரிவில் மறுபடி முதலிடம். 1979-ல் எம்379. ஐந்தாம் இடம்.

இங்கே கொஞ்சம் நின்று அந்தக் காருக்குள் என்ன இருந்தது என்று பார்ப்பது நல்லது. எஞ்சின், காஸ்வொர்த் டி.எஃப்.வி. மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர். 1967-ல் ஹாலந்தில் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் காரில் முதல் பந்தயத்திலேயே ஜெயித்த அதே எஞ்சின். ஃபார்முலா ஒன்னில் 1983 வரை 155 வெற்றிகள் அதன் கணக்கில் உண்டு. அதன் பெரிய சிறப்பு என்னவென்றால், பணம் இருந்தால் யாரும் போய் வாங்கலாம். கியர்பாக்ஸும் அப்படித்தான், கடையில் கிடைக்கிற ஹியூலண்ட். "எஞ்சினை வாங்கி, கியர்பாக்ஸை வாங்கி, மேலே ஓடு போட்டு மூடினால் அது சொந்தக் காரா?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் கல்யாணச் சமையல்காரர் அரிசியைத் தானே விளைவிப்பதில்லை. அரிசி எல்லாருக்கும் கிடைக்கிறது, பந்தி எல்லாருக்கும் அமைவதில்லை.

ஏனென்றால் டி.எஃப்.வி. எஞ்சின் இருபத்து நான்கு மணி நேரத்துக்குச் செய்தது அல்ல, இரண்டு மணி நேரத்துக்குச் செய்தது. அதன் கிராங்க் ஷாஃப்ட் அமைப்பு, நான்கு சிலிண்டர் எஞ்சின் இரண்டை ஒன்றாக ஒட்டவைத்தது போன்றது. அதனால் அதிர்வு அதிகம். சாதாரண அதிர்வு இல்லை. போல்ட்டைக் கழற்றும், புகைக்குழாயை வெடிக்கவைக்கும், மின்சார இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். ஃபார்முலா ஒன்னில் இதெல்லாம் தலைகாட்டுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். லெ மானில் இரவு இரண்டு மணிக்கு, யாரும் இல்லாத இருட்டில், ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். 1975-ல் இதே எஞ்சினைச் சுழற்சி வேகத்தைக் குறைத்து ஓட்டி, மிராஜ் காரில் இக்ஸும் டெரெக் பெல்லும் லெ மானை ஜெயித்திருந்தார்கள். ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் எந்த வேகத்தில் ஓட்டினால் எது உடையும், எந்த போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும், எந்தக் குழாயை ரப்பர் வைத்துத் தாங்க வேண்டும் என்பது கடையில் கிடைக்காது. அது வருடா வருடம் ஓட்டி, உடைத்து, திரும்பக் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது. ரோந்தோ தன் கையில் இருந்த கொஞ்சப் பணத்தையும் நேரத்தையும் இதில்தான் போட்டார். பெரியவர்களோடு எஞ்சின் செய்வதில் போட்டி போடவில்லை. அது முடியாது என்று அவருக்குத் தெரியும். உடையாமல் ஓடுவதில் போட்டி போட்டார்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து போர்ஷே 936, ரெனோ அல்பீன் எல்லாம் கூரை இல்லாத திறந்த கார்கள். ரோந்தோவின் கார் கூரை மூடியது. 1982-ல் வந்த புதிய விதி எல்லாக் கார்களுக்கும் கூரை வேண்டும் என்றது. ரோந்தோ ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இப்போது 1980-க்கு வரலாம். ரோந்தோ மூன்று கார்களைக் கொண்டுவந்தார். எம்379பி. ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக் கம்பெனியின் பெயரும், ஒரு வாரப் பத்திரிகையின் பெயரும், ஒரு பெல்ஜியம் சிகரெட்டின் பெயரும் கார்கள் மேல் ஒட்டியிருந்தன. தகுதிச் சுற்றில் பெஸ்கரோலோவும் ரக்னோத்தியும் ஓட்டிய 15-ஆம் எண் கார் முதலிடம் பிடித்தது. ஆக, "மெதுவான கார், மற்றவர்கள் விழுந்ததால் முன்னே வந்தது" என்பது முதல் நாளிலேயே பொய்யாகிவிட்டது.

பந்தயம் கொட்டும் மழையில் தொடங்கியது. எதிரே இருந்த முக்கியமான கார் ரைன்ஹோல்ட் யோஸ்டின் போர்ஷே. பேருக்குத்தான் 908/80. உள்ளே இருந்ததெல்லாம் லெ மானை வென்ற 936-ன் சரக்கு. ஓட்டியவர்களில் ஒருவர் இக்ஸ், அதற்குள் நான்கு முறை லெ மான் ஜெயித்தவர். மழையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவர். அந்தக் கார் ரோந்தோவைவிட வேகமானது, சந்தேகமே இல்லை. முதல் நாள் மாலை அதன் எரிபொருள் பம்புக்கான பெல்ட் அறுந்தது. இக்ஸ் சாலையோரத்தில் நிறுத்தித் தானே மாற்றிக்கொண்டு வந்தார். இரவு முழுக்கத் துரத்தி மறுபடி முதலிடம் பிடித்தார்கள். ஞாயிறு காலை கியர்பாக்ஸ் பழுதானது. பிட்டில் நிறுத்திச் சரிசெய்து அனுப்புவதற்குள் ரோந்தோவும் ஜோசோவும் ஓட்டிய 16-ஆம் எண் கார் முன்னால் போய்விட்டது. ரோந்தோவின் 15-ஆம் எண் கார், முன்னால் நின்று கிளம்பியது, எஞ்சின் பழுதாகி வெளியேறிவிட்டது. ஆகப் பழுது போர்ஷேவுக்கு மட்டும் வரவில்லை.

கடைசி மழையில் ஜோசோ டயர் மாற்ற வராமல் ஓட்டியதை ஆரம்பத்தில் பார்த்தோம். நின்று மாற்றினால் நேரம் போகும், நிற்காமல் போனால் கார் போகும். ஜோசோ நாற்பதைக் கடந்தவர், இரண்டு வருடம் முன்பு ரெனோவின் கோடிகளோடு இதே பந்தயத்தை ஜெயித்தவர். எங்கே காலை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். 338 சுற்றுகள், 4,600 கிலோமீட்டருக்கு மேல். போர்ஷேவைவிட இரண்டு சுற்று முன்னால் முடித்தார்கள். மூன்றாவதாக வந்தது யார் தெரியுமா? 17-ஆம் எண். அதுவும் ரோந்தோதான். கார்டன் ஸ்பைஸும் மார்ட்டின் சகோதரர்களும் ஓட்டியது.

சரி, அதிர்ஷ்டக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கார் ஒருமுறை ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 1976-லிருந்து வரிசையாக இந்த மனிதர் கட்டிய கார்களின் மொத்த இடத்தைப் பாருங்கள்: எட்டு, நான்கு, ஒன்பது, ஐந்து, ஒன்று. ஐந்து வருடம் தொடர்ந்து முதல் பத்துக்குள். பாதிக் கார்கள் வீடு போய்ச் சேராத பந்தயத்தில் இது தற்செயலாக நடக்காது. நான்கு வருடமும் வாசலில் நின்றவனுக்குத்தான் ஐந்தாவது முறை தட்டும்போது கதவு திறக்கிறது. போர்ஷே பழுதானது அதிர்ஷ்டம் என்றால், அந்த நேரத்தில் சில சுற்றுத் தொலைவில், பழுதாகாமல், ரோந்தோ இருந்தது என்ன? வேறு பல கார்களுக்கும் அதே மழைதான் பெய்தது, அதே போர்ஷேதான் பழுதானது. அவை ஏன் ஜெயிக்கவில்லை?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1980-ல் போர்ஷே தொழிற்சாலை தன் பெரிய காரோடு வரவில்லை, 924 கார்களைத்தான் அனுப்பியது. ரெனோ 1978 வெற்றியோடு ஒதுங்கிவிட்டது. அடுத்த வருடம் 1981-ல் போர்ஷே 936-ஓடு முழு மனதோடு வந்தபோது என்ன ஆயிற்று? இக்ஸும் பெல்லும் 354 சுற்றுகள் ஓடி ஜெயித்தார்கள். இரண்டாவதாக வந்த ரோந்தோ 340 சுற்று. பதினான்கு சுற்று வித்தியாசம். "பார்த்தீர்களா, உண்மையான பலம் இதுதான்" என்பார்கள்.

ஆமாம், இதுதான். தொழிற்சாலை முழுப் பலத்தோடு இறங்கினால் தனி மனிதன் வேகத்தில் ஈடு கொடுக்க முடியாது. ஆனால் அதே கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள். போர்ஷே முழுப் பலத்தோடு வந்த வருடத்தில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் ரோந்தோவுக்கு. முந்தின வருடம் ஜெயித்த காரைவிட இரண்டு சுற்று அதிகமாகவே ஓடியிருக்கிறது. போட்டிக்கு வராதவர்களை எப்படித் தோற்கடிப்பது? வந்தவர்களைத்தான் தோற்கடிக்க முடியும். பெரியவர்கள் வராத வருடத்தில் தயாராக இருப்பதுதான் சிறியவர்களின் திறமை. அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றால், தேர்வுக்கு வருடம் முழுக்கப் படித்துவிட்டுப் போனவனுக்கு எளிதான கேள்வித்தாள் வந்ததையும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். படிக்காமல் போனவனுக்கும் அதே கேள்வித்தாள்தானே கிடைத்தது!

உண்மையில் அதிர்ஷ்டம் என்ற ஒன்று ரோந்தோவின் வாழ்க்கையில் இருந்தது என்றால் அது 1980-க்குப் பிறகு வந்தது. துரதிர்ஷ்டமாக.

1981-ல் வெற்றி தந்த தெம்பில் ஐந்து கார்களைக் கொண்டுவந்தார். அந்தப் பந்தயத்தில் முல்சான் நேர்ச்சாலையில் ழான் லூயி லஃபோஸ் ஓட்டிய ரோந்தோ கார் சாலையோரத் தடுப்பில் மோதியது. லஃபோஸ் இறந்துபோனார். முன்பு இரண்டு முறை லெ மானில் இரண்டாம் இடம் பிடித்தவர் அவர். இரண்டாம், மூன்றாம் இடங்கள் கிடைத்தும் அந்த வருடம் யாருக்கும் கொண்டாட மனம் இருந்திருக்காது. தன் பெயர் எழுதிய காரில் ஒருவர் இறப்பது என்ன பாரம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லிவிட முடியாது.

1982-ல் குரூப் சி என்ற புதிய விதிகள் வந்தன. ரோந்தோ எம்382 என்ற காரோடு உலகச் சாம்பியன் பட்டத்துக்கே போட்டியிட்டார். வருடத்தின் முதல் பந்தயம் இத்தாலியின் மோன்சாவில். பெஸ்கரோலோவும் ஜார்ஜியோ பிராஞ்சாவும் ஓட்டிய ரோந்தோ ஜெயித்தது. போர்ஷேவின் புதிய 956 அப்போது இன்னும் களத்துக்கு வரவில்லை. வந்த பிறகு லெ மானில் முதல் மூன்று இடங்களையும் அதுவே வாரிக்கொண்டது. அங்கே ரோந்தோவுக்குப் பலத்த அடி. டி.எஃப்.வி.யைப் பெரிதாக்கிச் செய்த டி.எஃப்.எல். எஞ்சின், பழைய அதிர்வையும் பெரிதாக்கிக்கொண்டு வந்தது. இருந்தும் வருடம் முழுக்கச் சேர்த்த புள்ளிகளில் ரோந்தோ பட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். கடைசியில் பட்டத்தை முடிவு செய்தது கணக்குப் புத்தகம். தனியார் அணி ஓட்டிய போர்ஷே 911 ஒன்று, தயாரிப்புக் கார்களுக்கான பிரிவில் எடுத்த புள்ளிகளும் போர்ஷேவின் கணக்கில் சேர்க்கப்பட்டன. பட்டம் போர்ஷேவுக்குப் போனது.

விதி அப்படித்தான் இருந்தது என்றால் இருக்கட்டும். ஆனால் அந்த விதியால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். ஊருக்கு ஊர் தன் காரை வாங்கி ஓட்ட ஆள் இருக்கிற கம்பெனிக்குத்தான். ஓட்டுகிறவர் யாரோ, செலவு யாருடையதோ, புள்ளி மட்டும் கம்பெனிக்கு. ஒரு பட்டறையில் கட்டி, தானே கொண்டுவந்து ஓட்டுகிறவருக்கு அப்படி ஒரு உபரிக் கணக்கு எங்கிருந்து வரும்? 1980 வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் 1982-ன் பட்டத்தையும் அதே தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது சரியில்லை.

அதற்குமேல் பட்டறை தாங்கவில்லை. 1983-ல் எம்482 என்று புதிய கார். தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் அடிப்பாகம், அந்தக் காலத்தின் புதிய தொழில்நுட்பம். ஃபோர்டு பிரான்ஸின் ஆதரவும் இருந்தது. லெ மானில் ஒன்றும் எடுபடவில்லை. கம்பெனி திவாலானது. ரோந்தோவின் தவறு எங்கே என்று கேட்டால் இங்கேதான். உடையாமல் ஓடுவதில் போட்டி போட்டவரை வெற்றி வேறு பாதைக்கு இழுத்துவிட்டது. ஐந்து கார், உலகப் பட்டம், புதிய எஞ்சின், புதிய தொழில்நுட்பம் என்று பெரியவர்களின் ஆட்டத்தைப் பெரியவர்களின் மைதானத்தில் ஆடப் போனார். அந்த ஆட்டத்தில் பணம்தான் பேசும்.

வேறு வழி இருந்ததா? அதே காலத்தில் அதே பந்தயத்தில் இன்னொரு தனியார் அணி இருந்தது. டபிள்யூ.எம். என்று பெயர். பெஜோ கம்பெனியில் வேலை பார்த்த வெல்டர், மூனியே என்ற இருவர் ஓய்வு நேரத்தில் கட்டிய கார்கள். பெரியவர்களை ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, அவர்கள் ஒரே ஒரு எண்ணைக் குறிவைத்தார்கள்: முல்சானில் மணிக்கு 400 கிலோமீட்டர். 1988-ல் ரோஜர் டோர்ஷி அதைத் தாண்டினார். அறிவிக்கப்பட்ட வேகம் 405. கார் பந்தயத்தை முடிக்கவில்லை, முடிப்பது அவர்கள் நோக்கமும் இல்லை. அந்தச் சாதனை முறியடிக்கப்படவே இல்லை, ஏனென்றால் இரண்டு வருடத்தில் சாலையையே மாற்றிவிட்டார்கள்! அழகான கதைதான். ஆனால் இரண்டில் எது பெரிது என்றால், ரோந்தோ செய்ததுதான். ஒரு எண்ணைத் தொட ஒரு நிமிடம் போதும். 338 சுற்றுகளை முடிக்க நான்கு வருடத் தயாரிப்பு வேண்டும்.

பட்டறை மூடிய பிறகும் ரோந்தோ ஓட்டுவதை விடவில்லை. 1984 லெ மானில் இரண்டாம் இடம் பிடித்தார். எந்தக் காரில் தெரியுமா? ஒரு அமெரிக்கத் தனியார் அணியின் போர்ஷே 956-ல். தன்னை வீழ்த்திய அதே கார். 1985-ல் டபிள்யூ.எம். காரில் ஓட்டினார். அந்த வருடம் டிசம்பர் 27 அன்று, தன் பட்டறை இருந்த ஷம்பானே ஊரில், ரயில்வே கேட்டில் அவர் கார் மீது ரயில் மோதி இறந்துபோனார். வயது 39. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் இருட்டிலும் மழையிலும் ஓட்டிப் பிழைத்து வந்தவர், வீட்டுப் பக்கத்து ரயில்வே கேட்டில்.

அவருக்குப் பிறகும் முயன்றவர்கள் உண்டு. ரோந்தோவின் கார்களை ஓட்டிய அதே பெஸ்கரோலோ பின்னாளில் லெ மானிலேயே பட்டறை போட்டுத் தன் பெயரில் கார் கட்டினார். 2005-லும் 2006-லும் இரண்டாம் இடம், அவுடியின் பணத்துக்கு முன்னால். அவருடைய அணியும் கடனில்தான் முடிந்தது. 2022-ல் கிளிக்கன்ஹாஸ் என்ற சின்ன அமெரிக்க அணி சொந்தக் காரில் மூன்றாம் இடம் பிடித்தது. 2024-லிருந்து அது உலகத் தொடரில் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் வாசல் வரை வருகிறார். கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான்.

ஆகவே அடுத்த முறை யாராவது "1980-ல் ரோந்தோவுக்கு அதிர்ஷ்டம்" என்று சொன்னால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த அதிர்ஷ்டம் ஏன் ஐந்து வருடம் ஓடாமல் நின்ற கார் எதையும் தேடிப் போகவில்லை?